கிழிசல் நின்ற இடம்

பிளேனக்காவிடம் சீட் கவர் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு அனுபவம் கட்டாயம் உண்டு. கழுத்தில் டேப்பும் காதிடுக்கில் சாக்பீஸுமாக அளவு எடுத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று தலையைச் சாய்த்து எதையோ கேட்பாள். கார்க்காரருக்கு ஒன்றும் கேட்காது. டேப்பை சீட்டின் மேலேயே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வானத்திலிருந்து அந்தச் சத்தம் வரும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, விமானம் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே வந்து, "பின் சீட்டுக்கு என்ன கலர் சொன்னீங்க?" என்று கேட்பாள். பொறுக்க முடியாதவர்கள் தாராளமாக வேறு கடைக்குப் போகலாம். அவள் யாரையும் பிடித்து வைத்துக்கொண்டதில்லை.

சத்தத்தை வைத்தே எத்தனை எஞ்சின், எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடுவாள். போர்க்காலத்து விமானங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். எதன் சக்கரம் உள்ளே மடங்கும், எதன் சக்கரம் வெளியே தொங்கும், எதற்குத் தகட்டு இறக்கை, எதற்குத் துணி இறக்கை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். பழைய பேப்பர் கடைக்கு விமானப் படம் போட்ட பத்திரிகை வந்தால் முதல் தகவல் அவளுக்குத்தான் போகும். ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம், "வானத்தைப் பாக்கவே நேரம் பத்தல, இதுல புருஷனை வேற பாக்கணுமா?" என்பாள். நாற்பத்தாறு வயதில் அந்தக் கேள்வியும் ஓய்ந்துவிட்டது. அவளுக்கு நிம்மதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் தெருவுக்கு ஓடுகிற அதே நேரத்தில் மாடியில் ஜன்னல் படாரென்று சாத்தப்படும். கடை கீழே, வீடு மேலே. ஜன்னலைச் சாத்துவது அவளுடைய அம்மா. அம்மாவுக்கு விமானம் ஆகாது. ஊசியும் ஆகாது. அந்த வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்தால் அப்பாதான் தைப்பார். பாவாடை நாடாவை மடித்துத் தைப்பதும் அப்பாதான். அவர் போன பிறகு அந்த வேலை மகளுக்கு வந்தது. இப்படி விமானமும் ஆகாமல் ஊசியும் ஆகாமல் இருந்த ஒருத்திக்கு, இரண்டின் மேலும் பைத்தியமாக ஒரு மகள் பிறந்து தொலைத்தாள்.

ஏன் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். போர் நடந்த காலத்தில் ஊர்க்கோடியில் ஒரு விமானத்தளம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம். அந்தச் சின்ன விமானங்களுக்குத் துணி இறக்கைதான். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, கையால் தைத்து, மேலே பசைபோல ஒரு பெயின்டை அடிப்பார்கள். அது காய்ந்தால் துணி விறைத்துக்கொள்ளும். அந்தத் தையல் கொட்டகையில் ஏழு பெண்கள் வேலை பார்த்தார்கள். அம்மா அவர்களில் ஒருத்தி, பத்தொன்பது வயது. யார் தைத்தது என்று தெரிவதற்காக ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் நூல் கொடுத்திருந்தார்கள். தையல் முடிகிற இடத்தில் தன் நிறத்தில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அம்மாவுடையது பச்சை.

ஒருநாள் காலையில் ஒரு விமானத்தின் இறக்கைத் துணி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் வயலில் விழுந்தது. ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. விசாரணை நடந்தது. பத்து நாள் கழித்து அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினார்கள். தையல் பிரிந்ததால் விபத்து. பச்சை முடிச்சு. நாளையிலிருந்து வர வேண்டாம்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்கு ரெக்கை பிச்சவ என்று பேர். கடைத்தெருவில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கட்டிக்கொள்ள வந்தவர் வேறு ஊர்க்காரர் என்பதால் தப்பித்தாள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் பேர் ரெக்கை பிச்சவ மகளாகப் பதவி உயர்வு பெற்றது. அப்படிச் சொன்ன ஒருத்தியின் பின்னலைப் பிடித்து மகள் இழுத்த இழுப்பில் அவள் மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. தலைமையாசிரியை முன்னால் மன்னிப்புக் கேள் என்றார்கள். "அவ மொதல்ல எங்கம்மாகிட்ட கேக்கட்டும்" என்று பிடித்த பிடியில் நின்றாள். அப்போது வயது ஒன்பது.

விமானப் பைத்தியம் அப்போது பிடித்ததுதான். அம்மாவை இப்படி ஆக்கிய சாமான் எது, அதற்கு இறக்கை எப்படி இருக்கும், அதில் துணி எங்கே இருக்கும் என்று தேட ஆரம்பித்தவள், தேடத் தேட அதன் மேலேயே ஆசை வைத்துவிட்டாள். பதினெட்டு வயதில் ஒரு சீட் கவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். "ஊசியத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா. "ஒடி, இன்னொரு கை இருக்குல்ல" என்றாள் மகள். மூன்று மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துச் செய்தியை இந்தப் பக்கமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆனபோது பழைய விமானத்தளத்தில் ஒரு சங்கம் முளைத்தது. பழைய விமான ஆர்வலர்கள் சங்கம். ஓய்வுபெற்ற ஆண்கள் பன்னிரண்டு பேர். எங்கோ குப்பையாகக் கிடந்த ஒரு பயிற்சி விமானத்தை இழுத்துக்கொண்டு வந்து, ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையில் வைத்து, ஞாயிறுதோறும் அதைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். எஞ்சின் நம்பரில் நாலாவது எண் மூன்றா எட்டா என்று ஒரு மாதம் சண்டை நடந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷர்தான், ஆனால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே முப்பது வருஷம் பேசிப் பழகியவர். எதிரில் இருப்பவர் வாய்திறந்தால் வலியில் முனகுகிறார் என்றே எடுத்துக்கொள்வார்.

அந்த விமானத்தின் பைலட் சீட்டுக்கு மெத்தை தைக்க பிளேனக்காவைக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு பொதுமக்களுக்குத் திறப்பு என்பதால் அந்த வாரம் தினமும் வேலை நடந்தது. அவள் பையில் டேப்பை எடுத்துக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவள்போலக் குளித்துவிட்டுப் போனாள். அம்மாவிடம் ரெக்சின் வாங்கப் போவதாகச் சொன்னாள்.

விமானத்தை அவள் தொட்டுப் பார்த்ததை இங்கே விவரித்தால் இடம் போதாது. சக்கரத்தைத் தொட்டாள், விசிறியைத் தொட்டாள், பைலட் உட்கார்கிற குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். "சீட்டை மட்டும் பாத்தா போதும்மா" என்றார் டாக்டர். "சீட்டைத்தான் பாக்கறேன் சார், உக்காந்து பாக்க வேணாமா?" என்றாள். கருவிப் பெட்டிக்கு முன்னால் வேலை செய்துகொண்டிருந்த கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் தலையைத் தூக்காமலேயே சிரித்தார். விமானத்தின் அளவுமானிகளையெல்லாம் சரிசெய்வது அவர் பொறுப்பு. சங்கத்தில் அதிகம் பேசாத ஒரே ஆள்.

அளவெல்லாம் எடுத்து முடித்துக் கிளம்பும்போதுதான் சுவரோரம் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். ஏதோ அலுவலகத்தில் பழைய சாமான் அறையைக் காலி செய்தபோது விசாரணைக் காகிதங்களோடு சேர்த்துச் சங்கத்துக்குக் கொடுத்ததாம். உள்ளே ஒரு துணி. மடித்தால் ஒரு தலையணை உறை அளவு வரும். பழுப்பேறி, பெயின்ட் வெடித்து, ஓரமெல்லாம் கந்தலாகத் தொங்கியது. நடுவில் ஒரு தையல் வரிசை ஓடியது. அதன் ஒரு முனையில் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள். கீழே பலகையில் எழுதியிருந்தது: தையல்காரியின் கவனக்குறைவால் தையல் பிரிந்து, பயிற்சி விமானி ஒருவர் உயிரிழக்கக் காரணமான இறக்கைத் துணி.

அவளுக்கு முதலில் காது அடைத்துக்கொண்டது. பிறகு உச்சந்தலைவரை கோபம் வந்தது. ஐம்பது வருஷமாகத் தெருவில் சொன்னது போதாது என்று இப்போது பெயின்ட்டில் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்து படிக்கப்போகிறது. பலகையைப் பிடுங்கிக் காலால் மிதிக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தாள். மிதித்திருந்தால் கதை அங்கேயே கெட்டிருக்கும். நல்லவேளையாகக் கண்கள் துணிக்குப் போயின. இருபத்தெட்டு வருஷமாகக் கிழிந்த சீட்டுகளையே பார்த்த கண்கள் அவை.

துணியின் கிழிசல் மேல் ஓரத்தில் ஆரம்பித்துக் கோணல்மாணலாகக் கீழே இறங்கியிருந்தது. இறங்கித் தையலிடம் வந்ததும் நின்றிருந்தது. தையலைத் தாண்டவில்லை. தையலின் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி இன்னும் நூலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், இது தையல் பிரிஞ்சது இல்ல. துணி கிழிஞ்சது."

"இல்லம்மா, தையல் பிரிஞ்சதுதான். அறிக்கையே இருக்கு. மூணு அதிகாரிங்க கையெழுத்து போட்டிருக்காங்க."

"அந்த மூணு பேர்ல ஒருத்தராவது ஊசில நூல் கோத்திருப்பாங்களா?"

டாக்டர் பொறுமையாகச் சிரித்தார். சொத்தைப் பல்லைப் பிடுங்கவேண்டாம் என்று அழுகிறவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு அது. "அந்தத் தையல்காரி யாருன்னுகூட அதுல இருக்கு. பச்சை நூல் போட்டவங்க. சும்மா யாரையும் நாங்க சொல்லலம்மா."

"அந்தத் தையல்காரி எங்கம்மா."

ஹேங்கரில் சுத்தியல் சத்தம் நின்றது. டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க. ஆனா மகள்ங்கறதால உங்களுக்கு அப்படித் தோணும். நடந்தது நடந்ததுதானே, நாங்க அதை மாத்த முடியாது" என்றார்.

"தோணறது இல்ல சார். தெரியறது. நாளைக்கு வரேன், அந்தப் பெட்டியத் திறந்து வைங்க" என்றாள். திறக்க முடியாது, சங்கத்தின் விதி இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அவள் முதுகுக்குத்தான் கேட்டது.

மறுநாள் கோணிப்பையில் இரண்டு பழைய சீட் கவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சங்கத்துப் பெரியவர்கள் டீ குடிக்கிற மேசையில், டீ டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, இரண்டையும் பரப்பினாள்.

"இது பஸ் சீட்டு. தையல் விட்டது. பாருங்க, துணி முழுசா இருக்கு. ஊசி போன ஓட்டை வரிசையா தெரியுது. நூல்தான் இல்ல. நடுவுல ஆரம்பிச்சு வரிசையா பிரிஞ்சிட்டே போயிருக்கு. இது தியேட்டர் சீட்டு. துணி போனது. தையல் ஜம்முனு நிக்குது, துணி அதுக்குப் பக்கத்துல நாராக் கிழிஞ்சிருக்கு. என் கடைக்கு வாரத்துக்குப் பத்து வரும். கண்ண மூடிட்டு விரல வச்சே சொல்லுவேன். இப்ப உங்க பெட்டில இருக்கறது பஸ்ஸா தியேட்டரா, நீங்களே சொல்லுங்க."

பெரியவர்கள் போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து சீட்டுகளைப் பார்த்தார்கள், மறுபடியும் போனார்கள். எஞ்சின் நம்பருக்கு ஒரு மாதம் சண்டை போட்ட கூட்டம், இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. கடிகாரக்காரர் மட்டும், "தியேட்டர்" என்றார்.

டாக்டர் விடவில்லை. சிவப்பு அம்புக்குறியைக் காட்டினார். அங்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் நிஜமாகவே திறந்து கிடந்தது. "அப்ப இது என்ன? இங்க பிரிஞ்சிருக்கே. இதைத்தானே அறிக்கைல சொல்றாங்க" என்றார்.

அவள் நேற்று கோபத்தில் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். கடிகாரக்காரர் பக்கத்தில் வந்து, கண்ணில் செருகிக்கொள்கிற தன்னுடைய லென்ஸை நீட்டினார். "பெட்டியத் திறங்க டாக்டர். விதிய நாமதானே எழுதினோம்" என்றார். அவர் ஒரே நாளில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் டாக்டர் திறந்துவிட்டார்.

லென்ஸை வைத்துப் பார்த்தவள் மூச்சை விட்டாள். "நூல் நுனியப் பாருங்க. அத்துப்போன நூல் பிசிறாகும். இது மொட்டையா இருக்கு. கத்தி பட்டது. ஒவ்வொரு தையலும் வெட்டியிருக்கு."

கடிகாரக்காரர் பார்த்தார். தலையை ஆட்டினார். "வெட்டினதுதான்."

யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும். நொறுங்கிய விமானத்திலிருந்து அந்தப் பையனை வெளியே எடுக்க வெட்டினார்களோ, இல்லை, அதிகாரிக்குக் காட்ட ஒரு துண்டு வேண்டும் என்று வெட்டினார்களோ. வெட்டின இடத்தையே பிரிந்த இடம் என்று எழுதிவிட்டார்கள். தைக்கத் தெரிந்த ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஏழு பேர் பக்கத்துக் கொட்டகையில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைக் கூப்பிட்டதும் காகிதம் படித்துக் காட்டத்தான்.

"சரி, துணிதான் கிழிஞ்சுதுன்னு வைங்க" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது, ஆனால் பிடி தளரவில்லை. "ஏன் கிழியணும்? அம்பது வருஷத்துத் துணி இப்ப மக்கித்தான் இருக்கும். அன்னைக்கு நல்ல துணியா இருந்திருக்கலாமே."

நியாயமான கேள்விதான். அவள் துணியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெயின்ட்டுக்கு நடுவில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. நகத்தால் சுரண்டினாள், போகவில்லை. டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். அது அவரிடம் எப்போதும் இருக்கும், பேனா மாதிரி. துணியின் அடிப்பக்கம் அதைச் செருகி, விளக்கைப் பிடித்து, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். வாய்க்குள் பார்க்கிற பழக்கத்தில் தன் வாயையும் திறந்து வைத்திருந்தார்.

"பூஞ்சை" என்றார் கடைசியில். "அடிப்பக்கம் பூரா இருக்கு. பெயின்ட்டுக்கு மேல இல்ல, கீழ இருக்கு." நிமிர்ந்தார். "பூஞ்சை பிடிச்ச துணி மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க."

மேலே பெயின்ட் அடித்த சொத்தைப் பல் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளேனக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றாமல் நின்றாள். கோபம் மட்டும் குறையவில்லை, கூடியிருந்தது.

மாடி ஏறிப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் மடிப்பு விளிம்போடு விளிம்பு ஒட்டும். மகள் சுற்றிவளைக்கத் தெரியாதவள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அம்மா மடித்துக்கொண்டே இருந்தாள்.

"யாருடி உன்ன அங்க போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போனேன்."

"ரெக்சின் வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போயிருக்க."

"ஆமா, சொன்னேன். அதுக்கு அப்புறமா திட்டு. நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?"

அம்மா ஒரு துண்டை எடுத்தாள். மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "பச்சை முடிச்சு இருந்துதா?"

"இருந்துது. கெட்டியா இருக்கு."

"பூஞ்சைன்னு அந்த டாக்டர் சொன்னாரா, நீ சொன்னியா?"

"அவரே சொன்னாரு. அவரு வாயாலயே."

அம்மா மடியிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள். அந்த மாதத் துணிச் சிப்பங்கள் ஒரு வாரம் மழையில் வெளியே கிடந்தன. பிரித்தபோது வாடை மூக்கைத் துளைத்தது. ஏழு பேரும் மேற்பார்வையாளரிடம் போய் இது ஆகாது என்றார்கள். வெயிலில் காயப் போட்டுத் தையுங்கள், சண்டை உங்களுக்காக நிற்காது என்றான் அவன். காயப் போட்டார்கள், தைத்தார்கள்.

"இத்தனை வருஷமா இதை ஏம்மா சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? தையல் பிரிஞ்சுதுன்னு சொன்னாங்களே. துணி எப்படி இருந்தா என்ன, பிரிஞ்சது என் தையல்தானேன்னு நெனச்சேன். அந்தத் துணிய என் கண்ணுல காட்டவே இல்ல. காகிதத்தத்தான் படிச்சாங்க." கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கைதான் அந்தப் புள்ளையக் கொன்னுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். சோறு உருட்டும்போதெல்லாம் இந்தக் கையத்தான் பாப்பேன்."

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசியைத் தொட்ட நாளிலிருந்து இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அம்மாவின் கையை அவள் பிடித்தது அதுதான் முதல்முறை. அம்மா கொஞ்ச நேரம் பிடிக்க விட்டுவிட்டு இழுத்துக்கொண்டாள். எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கம்மா?"

"எங்கன்னு கேக்கற. நீ காட்டாம வேற யாரு காட்டுவா?"

ஹேங்கருக்குள் அம்மா நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி திறந்தே இருந்தது. துணியை எடுக்கவில்லை, தையலின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே போனாள். கிழிசல் வந்து நின்ற இடத்தில் விரலும் நின்றது. அங்கிருந்து பச்சை முடிச்சுவரை போய்த் திரும்பினாள். "நிக்குது" என்றாள், தனக்குத்தானே. பிறகு பலகையைப் படித்தாள். இரண்டுமுறை படித்தாள்.

டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். பேசத் தயாராகவே இருந்தார், பாவம். "அம்மா, ரொம்பத் தப்பு நடந்துபோச்சு. இந்தப் பலகைய இப்பவே எடுத்துடறோம். துணியையும் உள்ள வச்சிடறோம். ஞாயித்துக்கிழமை யார் கண்ணுலயும் படாது. இது இருந்ததே யாருக்கும் தெரியாது" என்றார்.

"எடுக்க வேணாம் தம்பி."

"இல்லம்மா, உங்களுக்கு மனசு..."

"என் மனச நான் பாத்துக்கறேன். சத்தமில்லாம எடுத்துட்டா ஆச்சா? ஊரறிய எழுதினீங்க, ஊரறிய மாத்தி எழுதுங்க. ஒரு நாற்காலி குடுங்க."

நாற்காலி வந்தது. பெட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அறுபது வயதுக்கு மேல் தம்பி என்று கூப்பிடப்பட்ட டாக்டர், பள்ளிக்கூடப் பையனைப்போலக் காகிதமும் பேனாவுமாக எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். துணி பூஞ்சை பிடித்திருந்தது, கிழிந்தது துணி, தையல் பிரியவில்லை என்று எழுதினார். வாசித்துக் காட்டினார்.

"பத்தல" என்றாள் அம்மா. "நனைஞ்ச துணின்னு மேற்பார்வையாளர்கிட்ட நாங்க ஏழு பேரும் முன்னாடியே சொன்னோம். அதை எழுதுங்க."

டாக்டர் பேனாவைத் தூக்கிவிட்டார். "அது அறிக்கைல இல்லம்மா. மேற்பார்வையாளர் இப்ப உயிரோட இல்ல. ஒருத்தர் மேல பழி போடறமாதிரி எழுதணும்னா சாட்சி வேணும்."

"எதிர்ல உக்காந்திருக்கேனே, கண்ணு தெரியலையா?"

கடிகாரக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் எழுதினார்: துணி நனைந்து கெட்டிருந்ததைத் தையல் பெண்கள் ஏழு பேரும் முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

"அதுக்கப்புறம் தைச்சோம். அதையும் எழுதுங்க."

இப்போது பிளேனக்காவுக்கே பொறுக்கவில்லை. "அம்மா, அது எதுக்கு? நீங்க ஏழு பேரும் என்ன பண்ணியிருக்க முடியும்? எல்லாத்தையும் மறுபடியும் உன் தலைல தூக்கி வச்சுக்கப் போறியா?"

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. குரலைத் தூக்கவில்லை. "சொன்னோம். கேக்கல. தைச்சோம். மூணும் நடந்துச்சு. கெட்ட துணின்னு தெரிஞ்சும் தைச்சேன், அந்தப் புள்ள அதை நம்பி ஏறிப் போனான். பிரியாத தையலப் பிரிஞ்சுதுன்னு சொன்னா விட மாட்டேன். ஆனா தைச்சதத் தைக்கலேன்னும் சொல்ல மாட்டேன். அவனுக்கு நான் இதையாவது சொல்லணும்." டாக்டரைப் பார்த்தாள். "எழுதுங்க தம்பி."

டாக்டர் எழுதினார். மறுபடி வாசித்துக் காட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கடிகாரக்காரர் பழைய பலகையை இறக்கி, வெள்ளை அடித்து, அது காய்ந்ததும் மெல்லிய தூரிகையால் எழுத ஆரம்பித்தார். எழுத்து அச்சடித்ததுபோல வந்தது. கடைசி வரியை முடிக்கும்போது ஹேங்கர் கதவு வழியாக வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

"அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர். "பெயின்ட் காய ரெண்டு மணி நேரம் ஆகும். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. காஞ்சதும் நாங்களே மாட்டிடறோம்."

"வேணாம் தம்பி. அம்பது வருஷமா நீங்க எல்லாரும் சொன்னத நான் நம்பினேன். இது காஞ்சு, மாட்டி, நான் ஒருதடவை படிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

பிளேனக்கா அம்மாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.